கீழிருந்து மேலே படிக்க வேண்டிய ஜன்னல்கள்

பிரான்சின் ஷார்த்ர் பேராலயத்துக்குள் நுழைந்ததும் கேமராவை எடுப்பவர்கள் அதிகம். முதலில் எங்கேயாவது உட்கார வேண்டும். வெளி வெயிலில் கூசிய கண் உள்ளே இருக்கும் மங்கலுக்குப் பழகச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதன் பிறகுதான் நீலம் நீலமாகத் தெரியும், சிவப்பு எரியத் தொடங்கும்.

1194-இல் பெருந்தீயில் எரிந்து மீண்டும் எழுந்த கோயில் இது. இங்குள்ள 170-க்கும் மேற்பட்ட வண்ணக் கண்ணாடி ஜன்னல்களில் பெரும்பாலானவை 13-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் செய்யப்பட்டவை. அத்தனையையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினால் ஒன்றுகூட மனதில் தங்காது. இரண்டோ மூன்றோ போதும்.

நடுக்கூடத்தின் தெற்குப் பக்கவழியில் இருக்கும் 'நல்ல சமாரியன்' ஜன்னலிலிருந்து தொடங்கலாம். பழைய கண்ணாடிக் கதைகளில் பெரும்பாலானவை புத்தகத்துக்கு நேர் எதிர். அடியில் தொடங்கி உச்சிக்கு ஏறும். இதன் அடிக்கட்டங்களில் வேதாகமக் கதை எதுவும் இல்லை. அங்கே இருப்பவர்கள் செருப்புத் தைப்பவர்கள், கையில் வேலையோடு. இந்த ஜன்னலைக் கொடுத்தவர்கள் அவர்கள் என்பது நெடுநாள் வழக்கு. எண்ணூறு ஆண்டுகளாகப் பார்ப்பவரின் கண்ணுக்கு மிக அருகில் நிற்பது அந்த உழைப்பாளிகளின் முகம்தான்.

அதற்கு மேலே இயேசு கதை சொல்கிறார். எருசலேமிலிருந்து ஒருவன் புறப்படுகிறான். கள்ளர்கள் அவன் ஆடையை உரிந்து அடித்துப் போடுகிறார்கள். ஆசாரியனும் லேவியனும் விலகிப் போகிறார்கள். சமாரியன் காயங்களைக் கட்டிச் சத்திரத்துக்குக் கூட்டிப் போகிறான். லூக்கா நற்செய்தியில் உவமை இதோடு முடிந்துவிடும். ஜன்னலிலோ அதற்கும் மேலே கட்டங்கள் தொடர்கின்றன. ஆதாம் படைக்கப்படுகிறான், ஏவாள் வருகிறாள், கனி உண்ணப்படுகிறது, ஏதேனின் கதவு அடைபடுகிறது, காயீன் ஆபேலைக் கொல்கிறான்.

சம்பந்தமில்லாத இரண்டு கதைகளை ஏன் ஒரே சட்டத்தில் வைத்தார்கள்? திருச்சபையின் பழைய ஆசிரியர்கள் உவமையை வாசித்த முறையில் இதற்கு விடை இருக்கிறது. அடிபட்டுக் கிடக்கும் பயணி ஆதாம், அதாவது மனித குலம். அவன் விட்டு வந்த எருசலேம், ஏதேன் தோட்டம். தூக்கி எடுக்கும் சமாரியன் இயேசு. சத்திரம் திருச்சபை. இது தெரிந்த பிறகு, கீழே குருதியோடு கிடப்பவனையும் மேலே தோட்டத்திலிருந்து துரத்தப்படுபவனையும் கண் மாறி மாறிப் பார்க்கும். இந்த ஜன்னலின் உண்மையான அழகு அப்போதுதான் பிடிபடும்.

ஆட்களை அடையாளம் காணச் சில குறிகள் போதும். தலைக்குப் பின்னுள்ள ஒளிவட்டத்துக்குள் சிலுவை இருந்தால் அவர் இயேசு. சாவி வைத்திருப்பவர் பேதுரு, வாள் பவுலுக்கு. சிறகுள்ள மனிதன், சிங்கம், காளை, கழுகு ஆகிய நான்கும் முறையே நற்செய்தியாளர்கள் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான்.

அடுத்து மேற்கு வாசல். 12-ஆம் நூற்றாண்டின் நடுவில் செய்யப்பட்ட மூன்று ஜன்னல்கள் அங்கே தீக்குத் தப்பி நிற்கின்றன. அவற்றில் ஒன்று 'ஈசாயின் மரம்'. ஈசாயின் அடிமரத்திலிருந்து ஒரு துளிர் தோன்றும் என்ற ஏசாயா தீர்க்கதரிசியின் வாக்கை ஓவியர் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டார். தாவீதின் தந்தை ஈசாய் கட்டிலில் உறங்க, அவர் உடலிலிருந்து மரம் முளைத்து, அரசர்களைத் தாங்கி, மரியாளைக் கடந்து, ஏழு புறாக்கள் சூழ்ந்த இயேசுவில் முடிகிறது. அந்த ஏழும் தூய ஆவியின் கொடைகள். மாலை வெயில் நேராக விழும்போது இதைப் பார்க்க வேண்டும். 13-ஆம் நூற்றாண்டு ஜன்னல்களைவிட இதன் நீலம் தெளிந்தது. இந்தப் பேராலயத்தில் ஒரே ஜன்னலைத்தான் பார்க்க முடியும் என்றால், இதையே தேர்ந்தெடுக்கலாம்.

தொலைநோக்கி இருந்தால் கைவேலையும் புரியும். நீலத்துக்குக் கோபால்ட், சிவப்புக்குச் செம்பு. சிவப்புக் கண்ணாடி தடிமனாக இருந்தால் ஒளி புகாமல் கறுத்துவிடும். அதனால் வெள்ளைக் கண்ணாடியின்மேல் மெல்லிய படலமாகவே சிவப்பை ஏற்றினார்கள். துண்டுகளை இணைக்கும் ஈயப்பட்டை உருவத்தின் வெளிக்கோடாகவும் ஆகிவிடுகிறது. கண், மூக்கு, துணி மடிப்பு போன்ற நுணுக்கங்கள் தூரிகையால் தீட்டிச் சூளையில் சுட்டவை.

கடைசியாகத் தெற்குக் குறுக்குக் கூடம். பெரிய ரோஜா ஜன்னலுக்குக் கீழே நான்கு தீர்க்கதரிசிகள் நிற்கிறார்கள். ஏசாயாவின் தோளில் மத்தேயு, எரேமியாவின் தோளில் லூக்கா, எசேக்கியேலின் தோளில் யோவான், தானியேலின் தோளில் மாற்கு. பழைய ஏற்பாட்டின்மேல் புதியது உட்கார்ந்திருக்கிறது என்பது பொருள். பொருள் தெரியாதவர்களும் இங்கே நின்றுவிடுவார்கள். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் அப்பாவின் தோளேறிய பிள்ளைகளைப் போல, சுமப்பவர்களைவிடச் சிறிய உருவமாக அந்த நால்வரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.