மாணவர் புனையும் கதையும் அதனை அளக்கும் கோலும்

உயர்நிலைப் பள்ளிகளில், குறிப்புகள் சிலவற்றைத் தந்து அவற்றைக் கதையாக விரித்தெழுதப் பணிக்கும் பயிற்சி நெடுநாளாக வழங்கி வருகின்றது. ஒரு நிகழ்ச்சியைத் தம் சொல்லால் தொடங்கி வளர்த்து முடிக்கும் வாய்ப்பு மாணவர்க்கு மொழிப் பாடத்தில் பெரும்பாலும் இப் பகுதியிலேயே கிட்டுகின்றது. ஆயினும், அங்ஙனம் எழுதப்பெற்ற கதை நன்று என்றோ தீது என்றோ எதனைக் கொண்டு துணிகின்றோம் என்னும் வினா போதிய அளவு ஆராயப்படவில்லை. அதனை ஆராய்தலே இக் கட்டுரையின் நோக்கமாகும்.

எடுத்துக்காட்டின் பொருட்டு யாம் புனைந்துகொண்ட இரு விடைகளை முதற்கண் நோக்குவோம். 'கடுமழை, பேருந்து நிறுத்தம், முதியவர், குடை, உதவி' என்பன குறிப்புகள். முதல் விடை வருமாறு: "ஓர் ஊரில் ஒரு மாணவன் இருந்தான். ஒருநாள் கடுமழை பெய்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்ற முதியவர் ஒருவர் அவனுக்குக் குடை கொடுத்து உதவினார். அவன் மிகவும் மகிழ்ந்தான். நாமும் பிறருக்கு உதவ வேண்டும்." இரண்டாம் விடை வருமாறு: "தாத்தா குடைய என் கைல குடுத்துட்டு பஸ்சுல ஏறிட்டார். மலை விட்டப்புறமும் நான் அத மடக்கல. அவர் பேரு கூட கேக்கலியே."

முதல் விடையில் எழுத்துப் பிழை இல்லை. குறிப்புகள் நிரல்பட வந்துள்ளன. இறுதியில் நீதியும் உண்டு. இரண்டாம் விடையிலோ 'மழை' என்பது 'மலை' ஆயிற்று. பேச்சு வழக்குச் சொற்களும் மலிந்துள்ளன. பிழைதோறும் மதிப்பெண் குறைக்கும் முறையில் முன்னையதே மேம்படும். ஆயின், கதை என்னும் பெயருக்கு உரியது பின்னையதே. மாணவன் மகிழ்ந்தான் என முன்னையது அறிவித்து அமைகின்றது. பின்னையது மழை விட்ட பின்னும் மடக்கப்படாத குடையைக் காட்டி, நன்றியையும் ஏக்கத்தையும் படிப்பவர் உள்ளத்தில் தோற்றுவிக்கின்றது.

இவ் வேறுபாட்டைச் சுட்டுதற்குரிய சொற்கள் நம் இலக்கண மரபில் இல்லாமல் இல்லை. தொல்காப்பியச் செய்யுளியல் தொகுத்துக் கூறும் 34 உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்பனவும் அடங்கும். சொல்லாலோ குறிப்பாலோ நிரப்பிக்கொள்ளுமாறு நிற்பது எச்சம். இன்ன இடத்தில் இன்னார்க்கு இம்மொழி உரியது என உணர நிற்பது முன்னம். மடக்காத குடை எச்சத்தின்பாற்படும். சிறுவன் வாய்மொழி முன்னத்தின்பாற்படும். நன்னூலார் கூறும் பத்துக் குற்றங்களுள் 'வெற்றெனத் தொடுத்தல்' என்பது, பிழையற்றது எனப் பாராட்டப்பெறும் முதல் விடைக்கே பொருந்துவதாகும்.

ஈண்டு ஒரு தடை எழலாம். செய்யுளுக்குக் கூறியதை மாணவர் உரைநடைக்கு அளவுகோலாக்கல் பொருந்துமோ எனின், அப்படியே பொருந்தாது என்பதே எம் விடை. கேட்போர் என்னும் உறுப்பு பாட்டினுள் கூற்றைக் கேட்பாரைச் சுட்டுமேயன்றிப் புறத்தே நின்று படிப்பாரைச் சுட்டாது. ஆதலின், இவ்வுறுப்புகளை விதிகளாகக் கொள்ளாமல் வினாக்களாகக் கொள்வதே தகும். சொல்பவர் யார்? யாரை நோக்கிச் சொல்கின்றார்? எங்கு, எப்பொழுது? எதனைச் சொல்லாமல் விட்டார்? திருத்துவோர் கேட்கத்தக்க வினாக்கள் இவையே.

திருத்துவோர் தம்முள் மாறுபடுவர் என்பதும் கருதத்தக்கது. அமெரிக்கக் கல்வித் தேர்வு நிறுவனத்தின் சார்பில் பால் டீடெரிக்கும் உடனாய்வாளர் இருவரும் 1961-இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவுறுத்துகின்றது. கல்லூரி முதலாண்டு மாணவர் எழுதிய 300 கட்டுரைகளை, ஆறு துறைகளைச் சார்ந்த 53 பேர் ஒன்பது படிகளில் தரப்படுத்தினர். 101 கட்டுரைகள் ஒன்பது படிகளையும் பெற்றன. ஐந்து படிகளுக்குக் குறைவாகப் பெற்ற கட்டுரை ஒன்றும் இல்லை. கருத்து, அமைப்பு, நடைச்சுவை, எழுத்துத் திருத்தம், சொல்லாட்சி என்பவற்றுள் ஒவ்வொருவர் ஒவ்வொன்றைப் பெரிதாக மதித்தமையே இம் மாறுபாட்டின் அடிப்படையாகும். எதனை மதிக்கின்றோம் என முன்னரே வகுத்துக் கூறாதவிடத்து, மாணவர் பெறும் மதிப்பெண் திருத்துவோர் விருப்பத்தின் வழிப்பட்டதாகிவிடும்.

இக் குறையை நீக்க ஆஸ்திரேலியா மேற்கொண்ட முறை ஒன்று உண்டு. நாப்லான் எனப்படும் அந்நாட்டுத் தேசியத் தேர்வு 2008 முதல் 2010 வரை 3, 5, 7, 9-ஆம் வகுப்பு மாணவரைக் கதை எழுதப் பணித்தது. விடைகள் பத்துக் கூறுகளாகப் பகுத்து 47 மதிப்பெண்ணுக்கு அளக்கப்பெற்றன. படிப்பவரை ஈர்த்தல், அமைப்பு, கருத்து, மாந்தரும் களனும் என்னும் நான்கிற்கும் 19; எழுத்துக்கூட்டல், நிறுத்தக்குறி, தொடரமைப்பு, பத்தி என்னும் நான்கிற்கும் 19; எஞ்சிய 9 சொல்வளத்திற்கும் இயைபிற்கும் உரியன. கதைத்திறனும் மொழித்திருத்தமும் ஒருங்கே மதிக்கப்பெற்று, ஒன்றன் குறை மற்றொன்றனை விழுங்காமல் நின்றமை போற்றத்தக்கது. ஆயினும், கூறுகளை மனனம் செய்து அவற்றுக்கேற்ப எழுதும் செயற்கை நடைக்கு இத்தகைய பட்டியல்கள் இடந்தரக்கூடும் என்பதையும் மறத்தலாகாது.

இவற்றால் யாம் துணிவன மூன்று. கதைத்திறனுக்கும் மொழித்திருத்தத்திற்கும் மதிப்பெண் தனித்தனியே வழங்கப்பெறல் வேண்டும். ஒரு கதையை இருவர் தனித்தனியே மதிப்பிடல் வேண்டும். நீதியுரையைக் கதையின் கட்டாய முடிபாகக் கோருதல் ஒழிய வேண்டும். பிழையைப் பொறுத்துக்கொள்ளுமாறு யாம் கூறவில்லை. 'மலை'யை 'மழை' எனத் திருத்துதல் ஆசிரியர் கடனே. ஆனால் அப் பிழையை ஒரு நாளில் திருத்திவிடலாம். குடையை மடக்காமல் நின்ற சிறுவனைக் கண்ட கண்ணோ, மதிப்பாரின்றி ஒருமுறை மூடிக்கொண்டால் மீண்டும் திறத்தல் அரிது. மதிப்பெண் எதற்கு வழங்கப்பெறுகின்றதோ அதனையே வகுப்பறை கற்பிக்கும். ஆதலின், அளக்கும் கோலைத் திருத்துவது தமிழில் இனி எழுதப்பெறும் கதைகளையே காப்பதாகும்.