பனிக்கடலும் பயண இலக்கியமும்

வடதுருவத்தை அடுத்த கடல்களிலே கோடைகாலத்தில் படகேறிச் சென்றோர் எழுதிய நூல்கள் உலகப் பயண இலக்கியத்தில் ஒரு தனி வரிசையாக நிற்கின்றன. பனிப்பாளங்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் குடைந்த பள்ளத்தாக்குகளில் கடல் புகுந்து உண்டானவை அங்குள்ள நுழைகழிகள். நோர்வே நாட்டார் அவற்றைப் ‘பியோர்ட்’ என்பர். இரு மருங்கும் செங்குத்தான மலை, நடுவே கறுத்த ஆழ்நீர், நள்ளிரவிலும் மறையாத சூரியன், எங்கோ ஒரு மூலையில் நாலைந்து மரவீடுகள். இக்காட்சியை வருணிக்காத நூல் இவ்வரிசையில் அரிது.

இத்தகைய நூலொன்றிலிருந்து சில பக்கங்களை உயர்தர வகுப்பு மாணவருக்கு ஒருமுறை தமிழிற் சொல்லிக் காட்டினேன். முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, “அந்த நாலைந்து வீட்டில் இருக்கிற ஆட்கள் என்ன செய்து சீவிக்கிறார்கள், சேர்?” என்று கேட்டாள். நூலைப் புரட்டிப் பார்த்தேன். விடை அதில் இல்லை. இக்கட்டுரை அக்கேள்வியிலிருந்து பிறந்தது.

அவள் அவ்வாறு கேட்டதில் வியப்பில்லை. அவள் திகன நகரில் வளர்ந்தவள். கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வீதியில் அமைந்த இந்நகரின் அயலிலே மகாவலி கங்கையை மறித்து நிற்கிறது விக்டோரியா அணை. 122 மீற்றர் உயரமுடைய அவ்வணை பிரித்தானிய அரசின் நிதியுதவியோடு கட்டப்பெற்று, 1985 இல் திறந்துவைக்கப்பட்டது. மலைகளுக்கிடையே கிளைகிளையாக நீளும் அந்நீர்ப்பரப்பைக் காணும் மேனாட்டுப் பயணி ஒருவர் தம் நாட்டு பியோர்டுகளை நினைத்துக்கொண்டால் அதிற் பிழையில்லை. ஆனால் அந்நீரின் அடியிலே பழைய தெல்தெனிய நகரம் கிடக்கிறது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வயலையும் வீட்டையும் விட்டுப் பெயர்ந்தன. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய ஊரின் சிதைவுகள் தலைகாட்டுகின்றன. நீரின் அழகை மட்டும் கண்டு திரும்புபவனுக்கும் அதனடியில் ஓர் ஊர் உண்டென்று அறிந்தவனுக்கும் இடையேயுள்ள வேறுபாடு இருக்கிறதே, அதுவே பயண இலக்கியத்தின் அடிப்படைப் பிரச்சினை என்பது என் துணிபு.

இவ்வுரைகல்லில் வைத்து இவ்வரிசையின் சிறந்த நூலொன்றை முதலில் நோக்குவோம். 1888 ஆம் ஆண்டுக் கோடையில் பிரித்யொவ் நான்சன் என்ற நோர்வே இளைஞர் ஐந்து துணைவருடன் கிரீன்லாந்தின் கிழக்குக் கரையை நோக்கிச் சென்றார். கடல்நாய் வேட்டைக் கப்பலொன்று அவர்களைப் பனிக்கட்டிகளின் விளிம்பில் இரண்டு படகுகளுடன் இறக்கிவிட்டுச் சென்றது. பனியிலே சிக்கிப் பன்னிரண்டு நாள் தெற்கே அடித்துச் செல்லப்பட்டனர். பின்னர் கரையோரமாகத் துடுப்பு வலித்து வடக்கே மீண்டனர். அதன்பின் பனிப்பீடபூமியைச் சறுக்குக் கட்டைகளாற் கடந்து, மேற்குக் கரையின் நுழைகழியை அடைந்தனர். அங்கே வில்லோச் செடிகளின் கம்புகளையும் கூடாரத் துணியையும் கொண்டு ஒரு சிறு தோணி செய்து, நான்சனும் இன்னொருவரும் அக்டோபர் 3 ஆம் நாள் கொட்ஹாப் குடியிருப்பிற் கரையேறினர். 1890 இல் வெளிவந்த அவருடைய நூல் மனித உறுதியின் சாசனம் என்பதில் ஐயமில்லை.

எனினும் அந்த ஐவரில் இருவர் வடநோர்வேயின் ஸாமி இனத்தவர் என்பதை எத்தனை வாசகர் நினைவிற் கொண்டுள்ளனர்? சாமுவேல் பால்ட்டோ, ஓலே ரவ்னா என்ற அவ்விருவரும் கலைமான் மேய்க்கும் மக்களிடையிலிருந்து கூலிக்கு அழைத்து வரப்பட்டவர்கள். பால்ட்டோ தம் அனுபவத்தைத் தாமே விவரித்தார். அவர் கூற்றுக்களை நான்சன் ஆங்காங்கே எடுத்தாள்கிறார். ஆயினும் அவை தலைவரின் கதைக்கு இடையே வரும் துணுக்குகளாகவே நிற்கின்றன. பெரியவர் புகழுக்காக உயிரைப் பணயம் வைத்தார். கூலிக்கு வந்தவரும் அதே உயிரைத்தான் பணயம் வைத்தார். வரலாறு இருவருக்கும் ஒரே அளவு மை செலவிடவில்லை.

நான்சனுக்கு நாம் அநீதி செய்தலாகாது. குளிர்காலத்தைக் கொட்ஹாப்பிலே கழித்த அவர், அம்மக்களுடன் பழகி, 1891 இல் அவர்கள் வாழ்வைப் பற்றித் தனி நூல் எழுதினார். ஐரோப்பியர் வருகை அவர்களுக்கு நன்மையைவிடத் தீமையே செய்தது என்று வெளிப்படையாகக் கூறும் துணிவு அவரிடம் இருந்தது. அதே மனிதர்தாம் பின்னாளில் சர்வதேச சங்கத்தின் அகதிகள் ஆணையாளராகி, 1922 இல் நாடற்றோருக்கென ஒரு பயணப் பத்திரம் தோன்றக் காரணமானார். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தொழிலாளரின் பிள்ளைகள் அப்பெயரை நன்றியோடு வாசிக்க நியாயமுண்டு. கரையில் இறங்கி ஒரு குளிர்காலம் மக்களோடு இருந்தவனின் பேனா மாறுகிறது என்பதற்கு அவரே சான்று.

கரையில் இறங்கிய இன்னொருவர் நூல் நமக்கு மேலும் நெருக்கமானது. டெட்டே மிஷேல் பொமாஸி ஆபிரிக்காவின் டோகோ நாட்டிலே 1941 இற் பிறந்தவர். சிறுவனாகத் தென்னையிலிருந்து விழுந்து, மலைப்பாம்பு வழிபாட்டினரால் குணமாக்கப்பட்டு, அவர்களுக்குப் பூசகனாக நேர்ந்துவிடப்படும் நிலையில் இருந்தார். அவ்வேளை ஒரு புத்தகக்கடையில் அகப்பட்டது கிரீன்லாந்தைப் பற்றிய நூலொன்று. பாம்பும் மரமும் இல்லாத அந்நாட்டுக்குப் போவதென்று வீட்டை விட்டு ஓடினார். வழிநெடுகக் கூலிவேலை செய்து, எட்டு ஆண்டு அலைந்து, 1965 இல் கிரீன்லாந்தை அடைந்தார். கரையோரப் படகுகளில் தென்முனையிலிருந்து வடக்கே ஊர் ஊராகச் சென்றார். அவருடைய நூல் பிரெஞ்சு மொழியில் 1981 இல் வெளிவந்தது.

இந்நூலின் வலிமை அதன் பார்வையின் உயரத்தில் இருக்கிறது; அதாவது, உயரமின்மையில். பொமாஸி கப்பல் தளத்திலிருந்து கீழே பார்ப்பவரல்லர். கையிற் காசில்லாமல் பிறர் வீட்டில் உண்டு, பிறர் வீட்டில் உறங்கி, மீன்பிடித்தலிலும் வேட்டையிலும் பங்குகொண்டவர். அவரைக் கண்டு பயந்த பிள்ளைகளையும், வேலையின்றிக் குடித்து நாளைக் கழித்த ஆண்களையும், தம் ஒரே உணவைப் பகிர்ந்த கிழவரையும் ஒரே நேர்மையோடு எழுதுகிறார். காலனி ஆட்சியிற் பிறந்தவன் காலனி ஆட்சியின் கீழ் வாழ்வோரைக் காண்கிறான். அதனாலேயே அவருடைய வியப்பில் இகழ்ச்சி கலக்கவில்லை.

ஆயினும் ஒரு குறையைச் சுட்டாமல் விடுவது விமர்சனமாகாது. தெற்கு ஊர்களைக் கண்டு பொமாஸி ஏமாற்றமடைகிறார். நூலில் வாசித்த நாய்வண்டியையும் வேட்டைக்காரரையும் தேடி வடக்கே வடக்கே போகிறார். கலப்பற்ற பழைய வாழ்வு எங்கோ இருக்கிறது என்ற கனவு அவரையும் விடவில்லை. அவர் சென்ற காலத்திலோ, டென்மார்க்கின் ஆட்சி சிற்றூர் மக்களை மீன் தொழிற்சாலைகள் உள்ள நகரங்களிலே குவிக்கும் கொள்கையைச் செயற்படுத்திக்கொண்டிருந்தது. 1953 இல் அமெரிக்க விமானத்தளத்துக்காகத் தூலே பகுதி மக்கள் தம் ஊரிலிருந்து அகற்றப்பட்டனர். 1964 இல் வந்த விதியொன்று, ஒரே வேலைக்குக் கிரீன்லாந்திற் பிறந்தவருக்குக் குறைந்த சம்பளமும் டென்மார்க்கிலிருந்து வந்தவருக்குக் கூடிய சம்பளமும் வகுத்தது. மதுச்சாலையிலே கண்ட துயரத்தின் வேர் இத்தகைய சம்பளப் பட்டியலிலும் இருந்தது. மனிதரைக் காட்டும் எழுத்து, அம்மனிதரை அந்நிலைக்குத் தள்ளிய ஏற்பாட்டையும் காட்டும்போதே முழுமை பெறுகிறது.

இனி, நம்மவர் பக்கம் வருவோம். ஏ. கே. செட்டியார், சோமலெ முதலியோரால் தமிழிற் பயண நூல் என்ற துறை வளம்பெற்றது. ஆனால் நோர்வேயின் வடமுனைக்குத் தமிழர் போனது பயணம் எழுதுவதற்காக அன்று, பிழைப்பதற்காக. 1956 இல் யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வே சென்ற அந்தோனி இராஜேந்திரம் இவ்வரலாற்றின் தொடக்கப் புள்ளியாகக் கருதப்படுகிறார். அத்தொடர்பின் விளைவாகக் காரைநகரிலே ‘சீநோர்’ படகுத்துறையும் குருநகரிலே வலைத் தொழிற்சாலையும் தோன்றின. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மாணவராகவும், 1983 ஆம் ஆண்டு யூலை வன்செயலின் பின் அகதிகளாகவும் பலர் சென்றனர். அவர்களில் கணிசமானோர் பின்மார்க் என்ற வடமாகாணத்தின் மீன் தொழிற்சாலைகளில் வேலைக்கு அமர்ந்தனர். உள்ளூர் இளைஞர் நகரங்களுக்குப் போய்விட்ட அவ்வூர்களில் நம்மவர் கைகள் கொட் மீனைத் துண்டம் போட்டன. ஊரிலே மீன் தொடுவதை இழிவென்று கருதிய சாதியிற் பிறந்தவரும், தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போனவரும் அங்கே ஒரே வரிசையில் நின்று, ஒரே கத்தியைப் பிடித்து, ஒரே கூலி வாங்கினர். நம் சமுதாயத்தின் எத்தனை சீர்திருத்தச் சொற்பொழிவுகள் இதைச் சாதித்தன?

பெர்கனிலிருந்து கிர்க்கனஸ் வரை கரையோரமாக ஓடும் கப்பற் சேவையொன்று நோர்வேயில் உண்டு. 1893 இல் தபாலுக்கும் சரக்குக்குமாகத் தொடங்கிய அச்சேவையிலே இன்று உல்லாசப் பயணிகள் பெருந்தொகையாகச் செல்கின்றனர். ஹொன்னிங்ஸ்வோக், மேஹாம்ன், போட்ஸ்பியோர்ட், வார்டோ ஆகிய துறைகளில் அக்கப்பல் சிறிது நேரம் தரித்துச் செல்லும். நள்ளிரவுச் சூரியனைப் படம் பிடிக்கும் பயணிக்கு அத்துறையின் தகரக் கூரைக் கட்டடம் காட்சியைக் கெடுக்கும் ஒரு பொருள். அதனுள்ளேதான் ஈரத்திலும் குளிரிலும் மீன் துண்டாடப்பட்டு வந்தது. என் மாணவியின் கேள்விக்கு விடையும் அதனுள்ளேதான் இருக்கிறது.

இவ்வாழ்க்கையை நம் இலக்கியம் எவ்வாறு கண்டது? எஸ். பொ.வும் இந்திரா பார்த்தசாரதியும் 1994 இல் தொகுத்த புலம்பெயர்ந்தோர் கதைகளுக்குப் ‘பனியும் பனையும்’ என்று பெயரிட்டனர். அத்தலைப்பு ஒரு தலைமுறையின் உணர்வை இரண்டு சொல்லில் அடக்கிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு எழுதியோர் பலரிடம் அந்த எதிர்நிலை ஒரு வாய்பாடாக இறுகிவிட்டதோ என்று ஐயுறுகிறேன். பனை என்றால் ஊர், உறவு, உயிர்ப்பு. பனி என்றால் வெறுமை, தனிமை, சாவு. இழப்பின் துயரம் உண்மையானது. அதைக் குறை சொல்பவன் மனிதனல்லன். எனினும் நமக்கு வெறுமையின் குறியீடாகிய அதே பனி, ஸாமி மக்களுக்குப் பனைபோன்றது. அது அவர்கள் ஊர், அவர்கள் மேய்ச்சல் நிலம். வெள்ளைப் பயணி அந்நிலத்தை ஆளில்லாத அழகாகக் கண்டான். நாம் அதை ஆளில்லாத சோகமாகக் காண்கிறோம். இரண்டிலும் ஆள் இல்லை.

இந்தக் குருட்டுத்தன்மை நமக்கு எவ்வளவு பொருந்தாதது என்பதை ஓர் உண்மை காட்டும். பின்மார்க்கிலே ஆல்ட்டா ஆற்றை மறித்து மின்சார அணை கட்ட நோர்வே நாடாளுமன்றம் 1978 இல் முடிவு செய்தது. முதலில் வரைந்த திட்டத்தில் மாசே என்ற ஸாமிக் கிராமம் முழுவதும் நீரில் அமிழவிருந்தது. எதிர்ப்பினால் அது கைவிடப்பட்டது, அணை கைவிடப்படவில்லை. 1979 இல் ஸாமி இளைஞர் ஒஸ்லோவில் நாடாளுமன்றத்தின் முன் கூடாரமடித்து உண்ணாவிரதம் இருந்தனர். 1981 ஜனவரியில், அணைக்கான வீதி போடும் இடத்திலே தம்மைச் சங்கிலியாற் பிணைத்து உட்கார்ந்தவர்களைப் பொலிசார் அறுநூறு பேரளவில் வந்து அகற்றினர். 1987 இல் அணை இயங்கத் தொடங்கிற்று. ஆனால் அப்போராட்டத்தின் வழியே 1989 இல் ஸாமி மக்களுக்கென ஒரு மக்கள் மன்றம் திறக்கப்பட்டது.

அதே ஆண்டுகளில்தான் இங்கே மகாவலியின் குறுக்கே விக்டோரியா அணை எழுந்தது. அதே ஆண்டுகளில்தான் நம் இளைஞர் அந்த வடமாகாணத்திற் கால்வைத்தனர். மாசே மக்கள் தம் ஊரைக் காத்துக்கொண்டனர்; தெல்தெனிய மக்களுக்கு அது வாய்க்கவில்லை. அணையே கூடாதென்று நான் வாதிடவில்லை. விக்டோரியாவின் மின்சாரத்தில்தான் நம் வீட்டு விளக்கும் எரிகிறது. ஆயினும் விளக்கின் கீழிருந்து எழுதுபவன் அதற்கு விலை கொடுத்தவனை மறப்பானாயின், அவன் எழுத்து எத்தனை அழகாயினும் பாதி உண்மையே.

பயணநூல் ஒன்றை மதிப்பிடும்போது நாம் கேட்கவேண்டியது, படகு எவ்வளவு தூரம் சென்றது என்பதன்று. துடுப்பு வலித்தவன் யார், அவனுக்குப் பெயருண்டா, கரையில் உள்ளவர் என்ன வேலை செய்கின்றனர், அந்நிலத்தின் மீது தீர்மானம் எடுப்பவர் எவர் என்பவையே. இக்கேள்விகள் இலக்கியச் சுவைக்குப் பகை என்று சொல்வாருண்டு. பொமாஸியின் நூலைப் படித்தவர் அவ்வாறு சொல்லார். மனிதர் வந்த பின்னரே அவருடைய பனிக்கடல் உயிர் பெறுகிறது.

நோர்வேயிற் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் இன்று இருமொழி அறிந்தவர்கள். தந்தையும் தாயும் நின்ற மீன் மேசையையும், அதன் பக்கத்தில் நின்ற ஸாமித் தொழிலாளியையும், அந்த நுழைகழியின் நள்ளிரவுச் சூரியனையும் ஒருங்கே எழுத அவர்களால் முடியும். வேறெவராலும் முடியாது. அந்நூல் வரும் நாளில் என் மாணவிக்கு நான் சொல்லக்கூடிய மறுமொழி இதுதான்: “அந்த நாலைந்து வீடுகளில் ஒன்றில் இருந்தவர்கள் நம்முடைய ஆட்கள், பிள்ளை. பக்கத்து வீட்டில் இருந்தவர்களுக்கும் உன்னுடைய ஊரைப்போல ஓர் ஆறு இருந்தது.”