எண்ணெய்க் கணக்கும் ‘அத்தீஹ்’ நாவலும்

எண்ணெயைக் கருப்பொருளாகக் கொண்ட அரபு நாவல்களுள் முதலிடம் பெறத்தக்கது, அப்துர் ரஹ்மான் முனீஃப் ஐந்து பாகங்களாக எழுதிய ‘முதுனுல் மில்ஹ்’ (உப்பு நகரங்கள்). 1984இல் வெளிவந்த அதன் முதற்பாகமே ‘அத்தீஹ்’. முனீஃப் (1933-2004) பெல்கிரேடில் எண்ணெய்ப் பொருளாதாரம் பயின்று முனைவர் பட்டம் பெற்றவர். பக்தாதில் அத்துறை சார்ந்த இதழொன்றின் ஆசிரியராகவும் விளங்கியவர். உற்பத்திப் புள்ளிவிவரங்களை நன்கறிந்த அவர், அவற்றை ஒதுக்கிவிட்டு நாவலை ஏன் நாடினார்? இவ்வினாவே இந்நூலுக்குத் திறவுகோல்.

அப்புள்ளிவிவரங்களை முதலில் நோக்குவோம். 1900இல் உலக எண்ணெய் உற்பத்தி ஏறத்தாழ 15 கோடி பீப்பாய். அவ்வேளையில் பாக்கூ வயல்களின் வலிமையால் ரஷ்யா அமெரிக்காவை விஞ்சி நின்றது. 1901 ஜனவரியில் டெக்சாஸின் ஸ்பிண்டில்டாப் கிணறு பீறிட்ட பின்னர் நிலைமை மாறியது. உலக உற்பத்தி 1920இல் ஏறத்தாழ 69 கோடி பீப்பாயாகவும், 1929இல் ஏறத்தாழ 149 கோடியாகவும் பெருகியது. அதில் மூன்றில் இரு பங்கு அமெரிக்காவினுடையது. அந்நாளில் சவூதி அரேபியாவுக்கு இப்பட்டியலில் இடமே இல்லை. தம்மாமின் ஏழாம் கிணறு வணிக அளவில் எண்ணெய் தந்தது 1938இல்தான். எண்ணெய் என்றதும் அரபு மண்ணை மட்டுமே நினைப்போர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. பாரசீகத்தில் 1901இல் உரிமம் பெற்ற டார்சியின் முயற்சி பணமின்றித் தள்ளாடியபோது, 1905இல் கைகொடுத்தது பர்மா ஆயில் கம்பெனி. 1908இல் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. பர்மா அன்று பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அக்கம்பெனியின் மண்ணெண்ணெய்க்குப் பெருஞ்சந்தை இந்தியா. ஆக, இந்தியக் குடிசைகளில் எரிந்த சிம்னி விளக்குகள் ஈட்டித் தந்த இலாபம், பாரசீகக் கிணறு தோண்டவும் பயன்பட்டது.

கணக்கேடு இத்துடன் நின்றுவிடுகிறது. முனீஃப் இங்கிருந்துதான் தொடங்குகிறார். வாதில் உயூன் என்னும் பாலைவனச் சோலைக்கு அமெரிக்கர்கள் வருகின்றனர். மித்அப் அல்-ஹத்தால் அவர்களை ஐயுறுகிறார். மரங்கள் வேரோடு சாய்க்கப்பட்டதும் ஒட்டகமேறி மறைந்து போகிறார். ஊரார் சிதறுகின்றனர்; அவர்களிற் பலர் ஹர்ரான் துறைமுகத்தில் கம்பெனித் தொழிலாளர்களாகின்றனர். ‘தீஹ்’ என்னும் சொல் வழியறியாது அலைதலைக் குறிக்கும். பனூ இஸ்ராயீல் நாற்பதாண்டுகள் அலைந்ததைக் கூறும் அல்மாயிதா அத்தியாயத்து வினைச்சொல்லும் இவ்வேரிலிருந்தே பிறந்தது. ஆனால் அவர்கள் கட்டளையை மறுத்ததால் அலைந்தனர். வாதில் உயூன் மக்களோ தாம் செய்யாத ஒன்றுக்காக அலைகின்றனர். தலைப்பிலேயே பொதிந்துள்ள இம்முரணே நாவலின் அறக்கேள்வி.

இந்நாவலில் மையமான தனிமனிதர் எவருமில்லை என்று அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக் குறை கண்டார். அக்குறை பொருந்தாது. மித்அப் மறைந்த பின்னர் அவரிடத்தை ஓர் ஊரே நிரப்புகிறது; இறுதியில் வேலைநிறுத்தம் செய்வதும் அவ்வூர்தான். உண்மையான குறை வேறிடத்தில் உள்ளது. எண்ணெய்க்கு முந்திய சோலையை முனீஃப் மாசற்ற சுவனமாகத் தீட்டிவிடுகிறார். பஞ்சமும் குலப்பகையும் அங்கு வலுவாகத் தலைகாட்டுவதில்லை. கம்பெனியும் வானத்திலிருந்து இறங்கியது போலவே தோன்றுகிறது. பாக்கூவிலும் பர்மாவிலும் முன்னரே நடந்தேறிய கதையின் தொடர்ச்சி இது என்பது வாசகருக்குப் புலப்படுவதில்லை. எண்களைத் துறந்த ஆசிரியர், அவற்றோடு காரண காரியத் தொடர்பையும் சற்றே இழந்துவிட்டார் எனலாம்.

ஆயினும் இந்நூல் நமக்கு இன்றியமையாதது. வெம்பக்கோட்டை வட்டாரத்தில் வாழ்வோருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மானாவாரிக் கரிசலை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பட்டாசு ஆலைகளுக்குப் பெயர்ந்த கதை நாமறிந்ததே. 2021 பிப்ரவரியில் சாத்தூருக்கு அருகே அச்சங்குளம் ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆண்டு விற்பனை இத்தனை கோடி என்று எழுதுவோர் உண்டு. மாண்டவர் யார், எந்த நிலத்தை விட்டு வந்தவர், வேறு எந்த வேலை அவருக்கு மறுக்கப்பட்டது என்று எழுதுவோர் அரிது. முனீஃப் ஹர்ரானுக்குச் செய்த பணியை இக்கரிசல் மண்ணுக்குச் செய்யும் எழுத்தும் நமக்கு வேண்டும். அவ்வாறு எழுத முன்வருவோர், கணக்கேட்டையும் மனிதனையும் ஒருசேரக் கையிலெடுப்பாராக.