பருவமிலா நிலத்தில் கருப்பொருள்
(குமாரி நாகப்பனின் கலை குறித்து ஒரு திறனாய்வு)

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அவற்றிடைத் தோன்றும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் முதலியன கருப்பொருள் என்றும், மாந்தர் நெஞ்சில் நிகழும் ஒழுக்கம் உரிப்பொருள் என்றும் பகுத்துக் காட்டியது தொல்காப்பியம். பெரும்பொழுது ஆறு. ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். இப்பட்டியலைச் சிங்கப்பூரில் தமிழ் பயிலும் மாணவர் மனப்பாடம் செய்து ஒப்புவிக்கின்றனர், தேர்விலும் எழுதுகின்றனர். ஆயினும், பனியைக் கண்டறியாத பிள்ளைக்கு முன்பனி என்ன, பின்பனி என்ன? சன்னலுக்கு வெளியே காணும் உலகிற்கும் ஏட்டில் உள்ள உலகிற்கும் இடையே தொடர்பு யாது என்று அப்பிள்ளை வினவினால், ஆசிரியர் விடை கூறக் கடமைப்பட்டவராவார்.

அவ்வினாவிற்கு ஒரு விடை, எதிர்பாராத இடத்திலிருந்து கிடைக்கின்றது. அது செய்யுளன்று, சிற்பமும் ஓவியமும் ஆகும். குமாரி நாகப்பன் என்னும் கலைஞரின் படைப்புகளை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைஞரும் கலையும்

குமாரி நாகப்பன் 1953ஆம் ஆண்டு மலேசியாவின் கிள்ளான் நகரில் பிறந்தவர். சிங்கப்பூரை வாழிடமாகக் கொண்டவர். இங்கிலாந்தில் உள்ளக வடிவமைப்புப் பயின்று அத்துறையில் பணியாற்றிய பின்னரே, 1990களில் முழுநேரக் கலைஞராக மலர்ந்தார். ஓவியம், சிற்பம், ஓர் இடம் முழுவதையும் பொருள்களால் நிரப்பி அமைக்கும் நிறுவற்கலை ஆகிய மூன்றையும் அவர் கையாள்கின்றார். வண்ணமும் துணியும் மட்டுமே கலைக்குரிய பொருள்கள் என்னும் வரம்பைக் கடந்து, வித்து, மிளகாய், மஞ்சள் போன்ற அன்றாடப் பொருள்களையே கலைக்கு ஊடகமாக்கியவர் அவர்.

இத்தகைய கலப்பூடகக் கலைக்குச் சிங்கப்பூரில் ஒரு முன்வரலாறு உண்டு. 1988ஆம் ஆண்டில் ச. சந்திரசேகரன், சாலே ஜப்பார், கோ ஈ சூ ஆகிய மூன்று இளங்கலைஞர் ‘திரிமூர்த்தி’ என்னும் பெயரில் ஒரு கண்காட்சி நடத்தினர். மேலைக் கலையின் வடிவங்களை அப்படியே பின்பற்றாது, தத்தம் மரபின் வேர்களிலிருந்து புதுக்கலை எழுதல் கூடும் என்பதை அது காட்டிற்று. குமாரி நாகப்பனின் கலையும் அவ்வேரினை நாடியதே. ஆனால், அவர் தெய்வ வடிவங்களை நாடவில்லை. வழிபாட்டிலும் அடுக்களையிலும் கையில் எடுக்கப்படும் சிறு பொருள்களை நாடினார். ஈண்டுதான் அவர் கலையின் தனித்தன்மை தொடங்குகின்றது.

பொருள் கொணரும் பொழுது

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிற்கு ஏறத்தாழ ஒன்றேகால் பாகை வடக்கே உள்ள தீவு. திசம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவக்காற்றும், சூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவக்காற்றும் மழையைக் கூட்டியும் குறைத்தும் செல்கின்றன. வெப்பநிலையோ ஆண்டு முழுதும் பெரிதும் மாறுவதில்லை. பொழுதுதான் இவ்வாறெனில், நிலமும் நிலைத்ததன்று. 1960களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு, கடலைத் தூர்த்து 730 சதுர கிலோமீட்டருக்கும் மேலாக வளர்ந்துள்ளது. முதற்பொருள் இரண்டும் இங்ஙனம் இருக்க, திணைக் கோட்பாட்டிற்கு இங்கு இடம் ஏது என்று ஐயுறுதல் இயல்பே.

ஆயினும், சிராங்கூன் சாலையில் ஆண்டு என்பது ஒன்று உண்டு. கேம்பல் சந்தில் கரும்புக் கட்டுகளும் இலையோடு கூடிய மஞ்சள் கொத்துகளும் அடுக்கப்பட்டால் தை பிறக்கின்றது. பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் தேங்க் சாலை முருகன் கோயில் நோக்கிப் புறப்பட்டால் தைப்பூசம். அதே பெருமாள் கோயிலிலிருந்து பூக்குழி இறங்குவோர் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு நடந்தால் தீமிதி. சாலையின் இருமருங்கும் விளக்குத் தோரணம் ஏறினால் தீபாவளி. தமிழகத்து உழவர்க்குப் பொழுது பொருளைத் தருகின்றது: தை வந்தது, ஆகவே கரும்பு விளைந்தது. சிராங்கூன் சாலையில் முறை மாறுகின்றது: கரும்பு வந்தது, ஆகவே தை பிறந்தது. கப்பலிலும் வானூர்தியிலும் வந்திறங்கும் கருப்பொருளே இங்குப் பொழுதைக் கொணர்கின்றது.

இம்மாற்றத்தை உணர்ந்தார்க்கே குமாரி நாகப்பனின் கலை முழுமையாக விளங்கும். கலைஞர் தொல்காப்பியத்தை மனத்திற்கொண்டு படைத்தார் என்பது ஈண்டுக் கருத்தன்று. புலம்பெயர்ந்த தமிழ் வாழ்வில் பொருள்கள் ஆற்றும் பணியினை அவர் கண்டுகொண்டார் என்பதே கருத்து.

வித்து

அவர் கலையில் மீண்டும் மீண்டும் வருவது சாகா மரத்தின் வித்து. காய் முற்றி வெடித்துச் சுருளுங்கால், குங்கும நிறத்துச் சிறுமணிகள் மரத்தடியில் சிதறும். சிங்கப்பூர்ச் சிறுவர் தலைமுறை தலைமுறையாக அவற்றைப் பொறுக்கிப் புட்டிகளில் சேர்த்து வந்துள்ளனர். சாகா என்பது மலாய்ப் பெயர். தமிழ்ச் செவிக்கு அது ‘இறவாத’ என்று ஒலித்தல் வெறும் ஒலியொப்புமையே. ஆயினும், ஆண்டுகள் பல கடந்தும் நிறம் மங்காத அவ்வித்திற்கு அது பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

தமிழில் இதற்கு மஞ்சாடி, ஆனைக்குன்றிமணி என்னும் பெயர்கள் உண்டு. மஞ்சாடி என்பது மரத்தின் பெயர் மட்டுமன்று. பொன் நிறுக்கும் அளவின் பெயருமாகும். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு என்பது பண்டை வழக்கு. சோழர் கல்வெட்டுகளில் கோயிலுக்குக் கொடுத்த பொன் கழஞ்சாலும் மஞ்சாடியாலும் கணக்கிடப்பட்டுள்ளது. ஒரு வித்துக்கும் மற்றொரு வித்துக்கும் எடையில் பெரிய வேறுபாடு இன்மையாலேயே அது அளவைப் பொருளாயிற்று.

கலைஞர் இவ்வித்துகளை எண்ணற்றனவாகக் குவித்துப் பரப்பும்போது, காண்பார் முன் நிற்பது நிறம் மட்டுமன்று, உழைப்பும் காலமுமாகும். ஒவ்வொரு வித்தும் ஒருவர் குனிந்து பொறுக்கியது. வித்து விழும்வரை மரம் காத்திருந்தது. பொறுக்குவார் வித்துக்குக் காத்திருந்தார். நாள்காட்டி காட்டாத ஒரு பருவம் அக்குவியலில் அடங்கியுள்ளது. பருவமில்லாத நிலத்தில் காலத்தை நிறுத்துக் காட்டும் துலாக்கோலாக அவ்வித்து மீண்டும் பணியாற்றுகின்றது எனலாம்.

மிளகாய்

2006ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளக வளாகத்தில் நிறுவப்பெற்றது ‘பெடாஸ் பெடாஸ்’ என்னும் வெண்கலச் சிற்பம். ஆளினும் உயர்ந்த ஒரு செம்மிளகாய், வளைந்து நிமிர்ந்து நிற்கின்றது. பெடாஸ் என்னும் மலாய்ச் சொல்லுக்குக் காரம் என்று பொருள். 1887இல் திறக்கப்பெற்ற வெண்ணிறக் குடியேற்றக் காலக் கட்டடத்தின் அருகே இக்காரம் நிற்பதே சிந்தனைக்குரியது.

மிளகாய் சங்கப் புலவர் அறியாத பொருள். அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய அது, 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக ஆசியக் கரைகளை அடைந்தது. தமிழர் அதற்குப் புதுப்பெயர் தேடி அலையவில்லை. தாம் முன்னரே அறிந்த மிளகின் பெயரோடு காய் என்பதைச் சேர்த்தழைத்தனர். அயலிலிருந்து வந்த பொருள் உள்ளூர்ப் பெயர் பெற்று, நாளடைவில் தமிழர் உணவின் அடையாளமாகவே ஆகிவிட்டது. மலாய்க்காரர் சம்பலிலும், சீனர் உணவு மேசையிலும், தமிழர் குழம்பிலும் அது ஒருங்கே உறைகின்றது. குடியேறியவர்களாலான ஒரு நாட்டின் வரலாற்றைக் கூறும் அரும்பொருளகத்தில், குடியேறிய காய் ஒன்றே காவல் நிற்பது மிகப் பொருத்தமாகும்.

உரிப்பொருள் தவிர ஏனையவை ஒரு திணையிலிருந்து மற்றொன்றிற்குச் சென்று மயங்கலாம் என்று தொல்காப்பியம் இடந்தந்துள்ளது. கருப்பொருள் இடம்பெயர்தல் மரபிற்குப் புறம்பானதன்று. மிளகாய்ச் சிற்பம் அம்மயக்கத்திற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

சாதிக்காய்

2009ஆம் ஆண்டில் ஆர்ச்சர்ட் சாலையின் ஐயான் வணிக வளாகத்தின் முன் நிறுவப்பெற்றது ‘சாதிக்காயும் சாதிப்பத்திரியும்’ என்னும் வெண்கலச் சிற்பம். ஆர்ச்சர்ட் என்பதற்குப் பழத்தோட்டம் என்பதே பொருள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அப்பகுதியில் சாதிக்காய்த் தோட்டங்கள் செழித்திருந்தன. 1850களில் நோய் தாக்கவே, சில ஆண்டுகளுக்குள் அவை அழிந்தொழிந்தன. ஆக, இச்சிற்பம் இறந்துபட்ட ஒரு தோட்டத்தின் நினைவுக்கல்லும் ஆகும். தமிழரும் சாதிக்காயை அறியாதவரல்லர்; வெற்றிலையோடு கொள்ளும் ஐவகை வாசப் பொருள்களுள் ஒன்றாக அதனை நம் முன்னோர் எண்ணினர்.

ஒரு குறையும் அதன் விடையும்

இனி, இக்கலையில் காணத்தகும் குறை ஒன்றையும் கூறுதல் திறனாய்வின் கடமையாகும். வித்து முளைக்கும், மிளகாய் உலரும், மஞ்சள் நிறம் மங்கும். காலத்திற்கு உட்படுவதே அவற்றின் உயிர். அவற்றைப் பேருருவாக்கி வெண்கலத்தில் வார்க்கும்போது, முளைத்தலும் உலர்தலும் நின்றுவிடுகின்றன. காலத்தைச் சொல்ல வந்த பொருளே காலத்திலிருந்து நீங்கிவிடுகின்றது. மேலும், வணிக வளாகத்தின் முன் நிற்கும் சிற்பம் கடைக்கு அணிகலனாகச் சுருங்கும் இடரும் உண்டு. ஆர்ச்சர்ட் சாலையில் கைப்பையோடு கடந்து செல்வோருள் எத்துணைப் பேர் அங்கு அழிந்த தோட்டத்தை எண்ணிப் பார்ப்பர்? மிளகாய்ச் சிற்பம் தன் பொருளைத் தானே உரைக்கின்றது. சாதிக்காய்ச் சிற்பமோ வரலாறு அறிந்தார்க்கே வாய் திறக்கின்றது. இவ்வகையில் முன்னது பின்னதினும் சிறந்ததென்றே கொள்ளல் வேண்டும்.

எனினும், வெண்கலத்தை முற்றிலும் மறுத்தல் தமிழ் மரபறிந்தார்க்கு ஒல்லாது. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளும் அழியா உலோகமே. ஆயின், அவை வெறும் உலோகமாக நிற்பதில்லை. நாள்தோறும் மஞ்சளும் பாலும் சந்தனமும் அவற்றின்மேல் வழிகின்றன; காலையில் சூட்டிய மாலை மாலையில் வாடுகின்றது. நிலைத்ததும் நிலையாததும் இணைந்தே அங்குப் பொருள் தருகின்றன. குமாரி நாகப்பனின் கலையையும் அவ்வாறே இணைத்துக் காணல் வேண்டும். வித்தையும் மஞ்சளையும் கொண்டு அமைத்த நிறுவற்கலைப் படைப்புகள், கண்காட்சி முடிந்ததும் கலைந்து போகின்றன. வெண்கலச் சிற்பங்கள் நிற்கின்றன. முன்னவற்றை அறியாது பின்னவற்றை மட்டும் காண்பார், மாலையும் நீராட்டும் இன்றித் திருமேனியைக் கண்ணாடிப் பேழையில் கண்டாரை ஒப்பர். அவர் கலையின் உயிர்நிலை கலைந்துபோகும் படைப்புகளிலேயே உள்ளது. வெண்கலம் அதற்குச் சான்று.

மாணவர்க்கு ஒரு வழி

தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு இனி மீளலாம். தொல்காப்பியர் நெய்தலுக்குச் சிறுபொழுது கூறினாரேயன்றிப் பெரும்பொழுது இன்னதெனக் கூறவில்லை. ஆதலின் ஆறு பெரும்பொழுதும் அதற்கு உரியவென உரையாசிரியர் கொண்டனர். பருவம் எல்லாம் ஒன்றுபோல் உரிய கரை எனின், பருவத்தால் வேறுபடுத்தி அறியப்படாத கரை என்பதும் பெறப்படும். அந்நிலத்தின் உரிப்பொருளோ இரங்கல். பிரிந்தாரை நினைந்து கடல் நோக்கி நிற்றல். கடல் சூழ்ந்து, பருவ வேறுபாடின்றி, கடல் கடந்து வந்தோர் நினைவுகளோடு வாழும் ஒரு தீவிற்கு இதனினும் நெருங்கிய திணை வேறு உண்டோ? சிங்கப்பூர், மரபிற்கு வெளியே நிற்கும் நிலமன்று. மரபு முன்னரே இடம் ஒதுக்கி வைத்த நிலமாகும்.

அவ்விடத்தைக் கண்டடையும் வழியையே இக்கலைஞரின் படைப்புகள் காட்டுகின்றன. பொழுதிலிருந்து தொடங்காது கருப்பொருளிலிருந்து தொடங்குவதே அவ்வழி. ஆறு பருவங்களையும் மாணவர் கட்டாயம் கற்கவேண்டும். அவையின்றிச் சங்கச் செய்யுள் விளங்காது. ஆனால், பாடத்தின் முதல் நாளில் ஒரு கைப்பிடிச் சாகா வித்து மேசைமேல் இருக்கட்டும். அது எம்மரத்தினது, அம்மரம் தம் குடியிருப்பில் எங்கு நிற்கின்றது, அதனைப் பொறுக்கியவர் யார், அப்போது யாரை நினைந்தனர் என்று மாணவரே கூறட்டும். மரம், இடம், செய்தி, நினைவு என அவர்கள் கூறும் விடைகளை வரிசைப்படுத்தினால், முதலும் கருவும் உரியும் கரும்பலகையில் தாமே அமைந்துவிடும். அதன்பின் காரும் கூதிரும் அயலார் பருவங்களாகத் தோன்றா.