இருபது லட்சம் கோடியும் ஒரு ரேஷன் கார்டும்

கொரோனாவிலிருந்து எந்த நாடு எப்படி மீண்டது என்று ஒப்பிடும் கட்டுரைகளில் தவறாமல் ஒரு அட்டவணை இருக்கும்: நிவாரணத் தொகை, ஜிடிபியில் எத்தனை சதவீதம். நானும் அப்படி ஒரு எக்செல் போட்டு வைத்திருந்தேன். இப்போ அதை நம்புறதில்லை.

2020 மே மாதம் இந்தியா அறிவித்தது 20 லட்சம் கோடி ரூபாய். ஜிடிபியில் 10 சதவீதம் என்றார்கள். அதில் ரிசர்வ் வங்கி திறந்துவிட்ட பணமும் உண்டு, சிறுதொழில்களுக்கான 3 லட்சம் கோடி கடன் உத்தரவாதமும் உண்டு. உத்தரவாதம் செலவு இல்லீங்க. வாங்கியவர் கட்டாமல் விட்டால்தான் அரசின் கையைக் கடிக்கும். அமெரிக்கா ஆளுக்கு 1200 டாலர் வரை நேராகக் கொடுத்ததையும் இதையும் ஒரே வரிசையில் போட்டால் கூட்டல் வரும், அர்த்தம் வராது.

பணம் எந்தப் பதிவேட்டின் வழியாகப் போனது என்பதைத்தான் முதலில் பார்க்கணும். ஜெர்மனியின் 'குர்ட்ஸ்ஆர்பைட்' திட்டத்தில், வேலை நேரம் குறைந்தவருக்கு இழந்த நிகரச் சம்பளத்தில் குறைந்தது 60 சதவீதம் கிடைத்தது. கம்பெனியின் சம்பளப் பட்டியலே அதற்குப் போதும். நம்ம கொத்தனாருக்குச் சம்பளப் பட்டியல் ஏது? தமிழ்நாட்டிடம் இருந்தது ரேஷன் கார்டு. 2021இல் சுமார் 2 கோடி அரிசி கார்டு குடும்பங்களுக்கு இரண்டு தவணையாக 4000 ரூபாய் அந்தக் கடைகள் வழியாகத்தான் போனது. பழைய சிஸ்டம்தான், ஆனாலும் லோடு தாங்கியது.

பள்ளிக்கரணையில் அடுக்குமாடி கட்ட வந்த வெளிமாநிலத் தொழிலாளிகளுக்கு இங்கே கார்டும் இல்லை. நூறு நாள் வேலைக்கு 2020இல் கூடுதலாக ஒதுக்கிய 40,000 கோடியும் கிராமங்களுக்குத்தான்; நாங்க 2011 முதல் சென்னை மாநகராட்சி. என் எக்செல்லில் இவங்களுக்கு ஒரு வரிகூட கிடையாது.