இரத்தப் பிரிவுக்கேற்ற உணவு உண்டா?

அஜீரணம், வாயுத் தொல்லை, நெஞ்செரிச்சல் என்று அவதிப்படுபவரிடம், "உங்கள் இரத்தம் எந்தப் பிரிவு? அதற்கு ஒவ்வாததை உண்பதால்தான் இத்தொல்லை" என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இக்கருத்தைப் பல நாடுகளிலும் பரப்பியது, அமெரிக்க இயற்கை மருத்துவர் பீட்டர் டி அடமோ 1996-இல் வெளியிட்ட ஒரு நூல்.

நூலின் சாரம் இது: ஓ பிரிவே மிகப் பழமையானது, அது வேட்டையாடி வாழ்ந்தோரின் இரத்தம். ஆகவே ஓ பிரிவினர் இறைச்சி உண்ண வேண்டும். கோதுமையையும் பாலையும் ஒதுக்க வேண்டும். ஏ பிரிவு உழவுடன் தோன்றியது. அதற்கு மரக்கறியே ஏற்றது. பி பிரிவு நாடோடி இடையர்களுடையது. பால் ஒத்துக்கொள்ளும், கோழி ஆகாது. கடைசியாக வந்த ஏபி பிரிவுக்குக் கலப்பு உணவு. கேட்க அழகான கதைதான். அதை ஒவ்வொரு கூற்றாக எடுத்து உரசிப் பார்ப்போம்.

முதலில், இரத்தப் பிரிவு என்பது என்ன? 1901-இல் இதைக் கண்டறிந்து அறிவித்தவர் கார்ல் லாண்ட்ஸ்டைனர். அதற்காக 1930-இல் நோபல் பரிசு பெற்றார். சிவப்பணுக்களின் மேற்பரப்பில் சர்க்கரை மூலக்கூறுகளாலான சங்கிலிகள் உள்ளன. அச்சங்கிலியின் நுனியில் ஒருவகைச் சர்க்கரை சேர்ந்தால் ஏ. வேறொரு வகை சேர்ந்தால் பி. இரண்டும் இருந்தால் ஏபி. இரண்டும் இல்லையெனில் ஓ. வேறுபாடு இவ்வளவே.

இனி, முன்னோர் கதை. மிகப் பரவலான ஓ வகைக்குக் காரணம், ஏ பிரிவுக்குரிய ஜீனில் ஓர் எழுத்து விடுபட்டதே என்பது 1990-இல் தெரியவந்தது. எழுத்து விடுபட்ட நகல் மூலப் பிரதிக்கு முந்தியதாக இருக்க முடியுமா? ஏ, பி வேறுபாடு கிப்பன் போன்ற வாலில்லாக் குரங்குகளிடமும் உண்டு. அது குறைந்தது இரண்டு கோடி ஆண்டுப் பழமையுடையது என்று 2012-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. உழவுத் தொழிலுக்கோ வயது ஏறக்குறைய 10,000 ஆண்டுகள்தாம். தென் அமெரிக்கப் பழங்குடியினரில் மிகப் பெரும்பாலோர் ஓ பிரிவினர். மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் பயிரிட்டு, பல ஆயிரம் ஆண்டுகளாக அவற்றை உண்டு வாழ்ந்தவர்கள் அவர்களே என்பதையும் கவனியுங்கள்.

நூல் காட்டும் அடுத்த ஆதாரம் லெக்டின். இது விதைகளில் மிகுதியாக உள்ள ஒருவகைப் புரதம். பிரிவுக்கு ஒவ்வாத லெக்டின் சிவப்பணுக்களை ஒட்டித் திரளச் செய்யும், குடலையும் கெடுக்கும் என்கிறது நூல். இதில் ஒரு துளி உண்மை உண்டு. நமது கொள்ளில் உள்ள லெக்டின், ஏ பிரிவின் முதல் உட்பிரிவைச் சேர்ந்த சிவப்பணுக்களைத் திரளச் செய்கிறது. இரத்த வங்கிகளில் அவ்வுட்பிரிவை அறிய அது பயன்படுகிறது. ஆனால் பெரும்பாலான லெக்டின்கள் பிரிவு பார்ப்பதில்லை. சிவப்புக் காராமணி போலத் தோன்றும் ராஜ்மாவின் லெக்டின் எல்லாப் பிரிவு அணுக்களையும் திரளச் செய்யும். ராஜ்மாவைச் சரியாக வேகாமல் தின்றால் எவருக்கும் வாந்தியும் பேதியும் வரும். ஊறவைத்து, நன்றாகக் கொதிக்க வைத்தால் அந்த லெக்டின் செயலிழந்துவிடும். சோதனைக் குழாயில் பச்சை விதையின் சாறு செய்வதை, வெந்த பயறு வயிற்றில் செய்யும் என்று கொள்வது தவறு.

பால் சீரணமாவது லாக்டேஸ் என்னும் நொதியைப் பொறுத்தது. அதற்குரிய ஜீன் 2-ஆம் குரோமோசோமில் உள்ளது. இரத்தப் பிரிவின் ஜீன் 9-ஆம் குரோமோசோமில் உள்ளது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அறிய வழியில்லை.

அப்படியானால் இரத்தப் பிரிவுக்கும் வயிற்றுக்கும் தொடர்பே இல்லையா? உண்டு. இரைப்பைப் புற்று ஏ பிரிவினரிடமும், குடற்புண் ஓ பிரிவினரிடமும் சற்றே மிகுதி என்று 1950-களிலேயே பிரிட்டிஷ் மருத்துவர்கள் கண்டனர். காலரா வந்தால் ஓ பிரிவினரிடம் அது கடுமையாகத் தாக்கக்கூடும். எனினும் இவை நோய்ச் சார்புகளே. எதை உண்ணலாம் என்பதை இவை சொல்வதில்லை. குடற்புண்ணுக்குப் பெருங்காரணங்கள் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவும் வலிநிவாரணி மாத்திரைகளுமே. அதற்கு வேண்டியது மருந்து.

இறுதியாக, முக்கியமான சோதனை. தனி ஊசலின் அலைவு நேரம் குண்டின் நிறையைச் சார்ந்ததா என்று எப்படி அறிகிறோம்? நீளத்தை மாற்றாமல் குண்டை மட்டும் மாற்றுகிறோம். நேரம் மாறவில்லை, ஆகவே நிறைக்கு அதில் பங்கில்லை என்கிறோம். இங்கும் அதே முறைதான். 2014-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தினர் 1,455 பேரின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்தனர். ஏ பிரிவுக்கென்று சொல்லப்பட்ட உணவை ஒட்டி உண்டவர்களுக்கு எடையும் இரத்த அழுத்தமும் குறைவாக இருந்தன. ஆனால் அவர்கள் ஏ பிரிவினரா, வேறு பிரிவினரா என்பதால் அந்த நன்மை மாறவில்லை. குண்டு மாறியது, அலைவு நேரம் மாறவில்லை! அதற்கு முந்திய ஆண்டு, 1,400-க்கு மேற்பட்ட கட்டுரைகளைச் சலித்துப் பார்த்த வேறொரு குழுவினரும் இவ்வுணவு முறைக்கு ஆதாரம் காணவில்லை.

ஆகவே, "எனக்குக் குணம் தெரிந்தது" என்பவர் பொய் சொல்வதாக எண்ண வேண்டாம். வறுவலைக் குறைத்துக் காய்கனிகளைக் கூட்டினால் எவர் வயிறும் நன்றி சொல்லும். பாராட்டு மட்டும் தவறான முகவரிக்குப் போய்ச் சேர்கிறது.

இதனால் என்ன கேடு என்று கேட்கலாம். கோதுமையால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் என்ற நோய் உண்மையிலேயே உண்டு. சோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால், இரத்தப் பரிசோதனையில் அந்நோய் புலப்படாமல் போகலாம். மலத்தில் இரத்தம், காரணமற்ற எடைக்குறைவு, விழுங்குவதில் சிரமம் ஆகியவை தோன்றும்போது உணவுப் பட்டியலை மாற்றிக்கொண்டு காத்திருப்பது ஆபத்து. வளரும் குழந்தைக்கு "உன் பிரிவுக்கு ஆகாது" என்று பாலையோ முட்டையையோ மறுப்பதும் அநியாயம்.

உங்கள் இரத்தப் பிரிவை அவசியம் அறிந்து வைத்திருங்கள். விபத்திலும் அறுவைச் சிகிச்சையிலும் அது உயிர் காக்கும். அடுப்படியில் அதற்கு வேலை இல்லை.