முகம் கிடைக்காத பிரிவை வரைதல்

விருதுநகர் மாவட்டம் எம். புதுப்பட்டியிலோ அதைச் சுற்றிய ஊர்களிலோ ஒரு கேதம் விழுந்தால், பொழுது சாய்வதற்குள் சுவரில் 'கண்ணீர் அஞ்சலி' ஏறிவிடும். பெயர், வயது, இறந்த தேதி, உறவினர் பட்டியல், நடுவில் நம்மை நேராகப் பார்க்கும் ஒரு முகம். பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இறந்தவர் என்றால், அந்த முகத்தைக் கல்யாணப் படத்திலிருந்தோ அடையாள அட்டையிலிருந்தோ வெட்டி எடுத்திருப்பார்கள். கடைசியாக முகம் பார்க்கும் வாய்ப்பு அந்த வீடுகளில் பலவற்றுக்குக் கிடைப்பதில்லை. அரசு மருத்துவமனையிலிருந்து வருவது துணி சுற்றிய உடல். சில உடல்களை மரபணுச் சோதனைக்குப் பிறகுதான் இன்னாருடையது என்று சொல்ல முடிகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம். 2023 அக்டோபர் 17 அன்று ரெங்கபாளையம்; அங்கே மாண்டவர்களில் பெரும்பாலானோர் பெண்கள்.

முகம் பார்த்து வழியனுப்ப முடியாமல் போன பிரிவை எப்படி வரைவது? இந்தக் கேள்வியோடு, துயரத்தைக் கோட்டில் பிடிக்க முயன்ற சில ஓவியர்களை இந்தக் கட்டுரை ஒரு வரிசையில் வைத்துப் பார்க்கிறது.

முகத்தை நம்பிய மரபு

இந்தக் கரிசல் பூமிக்குச் சொந்தமாக ஒரு பெரிய ஓவிய மரபு உண்டு. அதன் தலைமகன் கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். திருவண்ணாமலையில் ரமணரின் ஆசிரமத்தில் சில காலம் இருந்தார். நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதினார். பிறகு கோவில்பட்டியில் நிலைத்துவிட்டார். டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் உள்ளிட்ட சீடர்கள் அவரைச் சூழ்ந்திருந்தார்கள். அவர்கள் எழுதிய லட்சுமியும் முருகனும் சிவகாசி அச்சகங்கள் வழியாக நாடெங்கும் வீட்டுச் சுவர்களுக்குப் போனார்கள். ரவிவர்மாவிடமிருந்து வந்த உடல் வார்ப்பும், நாடகத் திரையின் ஒளியும், கோயிலின் நேர்ப்பார்வையும் அந்தப் படங்களில் கூடின. கும்பிடுகிறவரைச் சாமி பார்க்க வேண்டும்; ஆகவே முகத்தில் நிழல் விழக்கூடாது.

இறந்தவர் படமும் அதே இலக்கணத்தில் அமைந்தது. ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவில் பென்சிலால் சுருக்கத்தைத் திருத்தினார்கள். கறுப்புவெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் ஏற்றினார்கள். கண்ணாடிச் சட்டத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, சிறிய மின்விளக்கு எரியவிட்டால் தாத்தா படமும் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டத்தக்கதாகிவிடும். இதில் பெரிய ஆறுதல் இருக்கிறது. போனவரை வீட்டுத் தெய்வமாக்கும் நம் வழக்கத்துக்கு அச்சு செய்த மரியாதை இது. ஆனால் இந்த மரபு, போனவர் எப்படி இருந்தார் என்பதைத்தான் சொல்கிறது. அவர் போனதால் இருப்பவருக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்ல அதனிடம் கருவி இல்லை.

கோல்விட்ஸ்: உருவத்தை எடுத்துவிட்ட தாய்

அந்தக் கருவியைத் தன் வாழ்நாள் முழுவதும் தீட்டியவர் ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் (1867–1945). கணவர் கார்ல், பெர்லினில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் மருத்துவர். சிகிச்சைக்கு வந்த பெண்களின் உடல்களை, அவர்கள் உட்காரும் விதத்தை, பிள்ளையை அணைக்கும் கையைக் கோல்விட்ஸ் நாள்தோறும் பார்த்தார். 1903இல் 'இறந்த குழந்தையுடன் பெண்' என்ற செதுக்கோவியத்தைச் செய்தபோது, தன் ஏழு வயது மகன் பேட்டரைக் கையில் ஏந்திக் கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே வரைந்தார். அந்தத் தாயின் முகம் குழந்தையின் நெஞ்சில் புதைந்திருக்கிறது. துயரத்தைச் சொல்வது கண்ணீர் வழியும் முகமல்ல. மடித்து இறுக்கிய முழங்காலும் விரல்களும்.

1914 அக்டோபரில், முதல் உலகப் போரில், அதே பேட்டர் பதினெட்டு வயதில் பெல்ஜியத்தில் கொல்லப்பட்டான். அவனுக்கு நினைவுச்சின்னம் எழுப்ப நினைத்த தாய், முதலில் படுத்திருக்கும் மகனையும் அவன் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பெற்றோரையும் எண்ணினார். பல ஆண்டுகள் போராடி அதைக் கைவிட்டார். 1932இல் மகன் புதைக்கப்பட்ட கல்லறைத் தோட்டத்தில் வைத்த சிற்பங்களில் மகன் இல்லை. தந்தையும் தாயும் தனித்தனிக் கல்லில், இடைவெளி விட்டு, மண்டியிட்டிருக்கிறார்கள். இன்று அவை பெல்ஜியத்தின் ஃப்ளாட்ஸ்லோவில் உள்ளன. பதினெட்டு ஆண்டு உழைப்பில் அவர் கற்றது, எதை வரையாமல் விடுவது என்பதைத்தான். அவர் கையாண்ட ஊடகமும் அதே திசையில் போனது: நுணுக்கமான செதுக்கோவியத்திலிருந்து கல்லச்சுக்கு, அங்கிருந்து 'போர்' தொடரின் ஏழு மரச்செதுக்கு அச்சுகளுக்கு. மரத்தில் வெட்டினால் வெள்ளை, விட்டால் கறுப்பு. அலங்காரத்துக்கு இடமே கிடையாது.

வங்கத்தில் இறங்கிய கோடு

கோல்விட்ஸின் தாக்கம் பெற்ற இந்தியர்களில் இருவர் முக்கியமானவர்கள். சித்தப்பிரசாத் (1915–1978) வங்கப் பஞ்சத்தின்போது, 1943 நவம்பரில், மிட்னாபூர் மாவட்டத்தைச் சுற்றி வந்தார். மையில் வரைந்த ஓவியங்களோடு ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதி வைத்தார். அந்தப் பயணத்தின் பதிவாக வந்த 'பசித்த வங்கம்' நூலை ஆங்கில அரசு பறிமுதல் செய்து அழித்தது. ஒரு கோடு ஆட்சிக்கு அச்சமூட்டியதற்குக் காரணம், அது யாரோ ஏழையை வரையவில்லை, பெயருள்ள ஒருவரை வரைந்தது என்பதே என்று நான் நம்புகிறேன்.

சோமநாத் ஹோர் (1921–2006) இன்னும் உள்ளே போனார். பஞ்சத்தையும் தேபாகா உழவர் போராட்டத்தையும் இளம் வயதில் வரைந்த அவர், 1970களில் 'காயங்கள்' தொடருக்கு வந்தபோது உருவத்தையே விட்டுவிட்டார். களிமண்ணிலும் மெழுகிலும் கத்தியால் கீறி, சூடு வைத்து, அதிலிருந்து சிமென்ட் அச்சு எடுத்து, காகிதக் கூழை வார்த்தார். வெள்ளைத் தாளில் வெள்ளைத் தழும்பு, மை கிடையாது. அதைப் பார்ப்பவர் தன் தோலில் தொட்டு உணர்கிறார். தீக்காயத்தோடு வாழும் மனிதர்கள் உள்ள வட்டாரத்துக்கு இந்தத் தாள்களைவிட நெருக்கமான இந்திய ஓவியம் வேறு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பெயரும் வீடும்

உருவமின்றித் துயரத்தைப் பதிவதற்குத் தமிழில் முன்மாதிரி இல்லையென்று நினைக்க வேண்டாம். தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த நடுகற்கள், நமக்குக் கிடைத்த மிகப் பழைய நடுகற்களில் சேர்ந்தவை. அவற்றில் வீரனின் உருவம் இல்லை. தமிழ் பிராமியில் பெயரும், ஒரு கல்லில் ஆகோள் என்னும் ஆநிரை கவர்ந்த பூசலும் வெட்டப்பட்டிருக்கின்றன. உருவம் செதுக்கிய நடுகற்கள் பிற்காலத்தில் பெருகின. பெயரை வெட்டுவதே வழியனுப்புதலாக இருந்த காலம் ஒன்று நமக்கு இருந்திருக்கிறது. கேத வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண்களும் போனவரின் சாயலோடு நிற்பதில்லை. அவர் உழுத நிலம், உட்கார்ந்த திண்ணை, வாங்கி வந்த பண்டம் என்று அவர் விட்டுப்போன ஒவ்வொன்றையும் கூப்பிட்டு அழுகிறார்கள்.

நம் காலத்தில் இந்த வழியை ஓவியமாக்கியவர் யாழ்ப்பாணத்தின் தா. சனாதனன். அவருடைய ஆசான் அ. மாற்கு (1933–2000), யாழ்ப்பாணத்தில் நவீன ஓவியத்தை ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தவர். சனாதனன் 2011இல் வெளியிட்ட 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' நூலில், போரால் இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களுமாக எண்பது பேர் தாங்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்திருக்கிறார்கள். அதனுடன் கட்டடக்கலைஞர் முறைப்படி வரைந்த படமும், சனாதனனின் ஓவியமும் வருகின்றன. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்து நிலப் பதிவேடு. அரசுப் பதிவேடு விட்டதைக் கிணறும் மாமரமும் சாமியறையுமாக மக்களின் கைகள் எழுதிச் சேர்த்தன. துயரப்பட்டவரிடம் கதை கேட்பதோடு நிறுத்தாமல் அவர் கையில் பென்சிலைக் கொடுத்ததுதான் இந்த நூலின் அறம்.

இங்கே என்ன செய்யலாம்

கோல்விட்ஸ் மகன் உருவத்தை நீக்கினார். ஹோர் உடலை நீக்கித் தழும்பை வைத்தார். புலிமான்கோம்பைக் கல் பெயரோடு நின்றது. சனாதனன் வீட்டை வரையச் சொன்னார். நான்கும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன: முகம் கிடைக்காத இடத்தில் துயரம் ஊமையாகிவிடுவதில்லை, அதைக் கை வேறு இடத்தில் கண்டுபிடிக்கும்.

விருதுநகர் மாவட்டத்தில் காகிதம் இருக்கிறது, மை இருக்கிறது, எந்திரங்கள் இருக்கின்றன, கொண்டையராஜு வழி வந்த கைத்தேர்ச்சியும் இன்னும் முற்றாக அற்றுப்போகவில்லை. விபத்து நடந்த மறுநாள் செய்தித்தாள் எண்ணிக்கையைத் தருகிறது, அரசு நிவாரணத் தொகையை அறிவிக்கிறது, சுவரொட்டி முகத்தைத் தருகிறது. இவற்றில் எதுவும் சொல்லாத ஒன்று மிச்சமிருக்கிறது: அதிகாலை வேனுக்காக இறந்துபோன பெண் காத்திருந்த இடம், அவள் கட்டிய தூக்குவாளி, திரி வெட்டிக் கறுத்த விரல், வீட்டில் அவள் படுத்த மூலை. இதை வரையத் தேர்ந்த ஓவியர் வேண்டுமென்பதில்லை. எம். புதுப்பட்டி போன்ற ஊர்களின் பள்ளி ஓவிய ஆசிரியர்கள், தாயையோ தந்தையையோ இழந்த பிள்ளைகளுக்கு விருப்பமிருந்தால் வீட்டை வரையச் சொல்லலாம். சிவகாசி அச்சகம் ஒன்று அந்தத் தாள்களை வரைந்தவர் சம்மதத்தோடு, இறந்தவர் பெயரோடு ஒரு நூலாக அச்சிடலாம். நாடு முழுவதற்கும் தீபாவளியையும் நாள்காட்டியையும் செய்து அனுப்பும் மக்கள், தங்கள் இறந்தவர்களுக்கென ஒரு புத்தகம் செய்துகொள்ளும் உரிமை உடையவர்கள்.